பசியில்லாத மீன்கள்

வெள்ளிக்கிழமை காலை மட்டக்களப்பில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், எனக்கு எதிரே இருந்த அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் காலடியில் மூடி இறுக்கிய ஒரு வாளி இருந்தது. தேங்காய்ப் புண்ணாக்கு, காய்ந்த பாண் துண்டுகள், இடித்த நெத்தலிக் கருவாடு, சாளை மீனின் குடலை வெயிலில் வைத்து உருக்கிய எண்ணெய் எல்லாம் அதற்குள் கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. மணம் மூடிக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை.

கொழும்புக்குச் சிலர் வழக்குக்குப் போவார்கள், சிலர் விசாவுக்குப் போவார்கள். நான் தூண்டில் போடப் போனேன். தொழிலில் நான் நில அளவையாளன். லீவு கிடைத்தால் பாலம், துறை, இறங்குதுறை என்று நீருக்கு மேல் நீளும் எதிலாவது போய் நிற்பேன். தூண்டில் போடுவது பாதி வேலைதான். படகுக்காரன் மீனைத் தேடிப் போகலாம். பாலத்தில் நிற்பவனை மீன்தான் தேடி வரவேண்டும். வரவைப்பதற்கு இந்த வாளித் தீனைத் துளைப் பையில் கட்டிக் கயிற்றில் இறக்கி, நீரோட்டத்தில் மணத்தைக் கசிய விடுவேன். இதில் சட்டம் ஒன்றுதான். மூக்குக்குக் கொடு, வயிற்றுக்குக் கொடுக்காதே. வயிறு நிறைந்த மீன் தூண்டிலைத் தொடாது.

அழைத்தவர் அன்ரன். முன்பு மட்டக்களப்பில் வங்கி வேலையில் இருந்தபோது கல்லடிப் பாலத்தில் என்னோடு பின்னேரங்களில் தூண்டில் போட்டவர். இப்போது கொழும்பில் கொட்டாஞ்சேனையில் குடியிருந்து துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கிறார். ஃபோனில் அவர் சொன்னது இதுதான்.

"மச்சான், கொழும்பு முகத்துவாரத்தில ஒரு பழைய பாலம் இருக்கு. மீன் கண்ணுக்கு முன்னால கும்பலாக் கிடக்கு. ஆனா கடிக்குதில்ல. உன்ர வாளியோட ஒருக்கா வாவன்."

கடிக்காத மீன் என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. என் வாளித் தீனுக்கு வராத மீன் கிழக்கு மாகாணத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். உடனே லீவு போட்டேன்.

ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீற்றர். பொலன்னறுவைக்குப் பிறகு காடு, மாகோவுக்குப் பிறகு தென்னை, இடையிடையே வடை, கடலை, இளநீர். பிற்பகல் மூன்று மணி கடந்து கோட்டை நிலையத்தில் இறங்கி, கரையோர ரயிலுக்கு மாறினேன். வெள்ளவத்தைக்கு மூன்றாம் வகுப்பு முப்பது ரூபாய். கொம்பனித்தெரு தாண்டியதும் வலது பக்கம் முழுக்கக் கடல். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே நாலு பாறாங்கல்தான். பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு வந்த எல்லோருடைய முகத்திலும் உப்புத் தெறித்தது. ஒருவரும் துடைக்கவில்லை.

அன்ரனின் வீட்டிலேயே தங்கியிருக்கலாம். கேட்டேன். "வீட்டில வேண்டாம் மச்சான், வெள்ளவத்தையில லொட்ஜ் எடு. மீன் மணத்தோட எங்கட வீட்டுப் பக்கம் வந்திடாத," என்றார். கத்தோலிக்க வீட்டில், அதுவும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீன் மணம் ஆகாது என்பது எனக்குப் புதினமாக இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் வாளியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் லொட்ஜ். அறை நாலாயிரத்து ஐந்நூறு. கீழ்த்தளத்தில் புடவைக்கடை, மேலே ஏ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு இரசாயன வகுப்பு. மனேஜர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணை இது?"

"மீனுக்குச் சாப்பாடு."

"மீனுக்கு எண்டா வெளியில வையுங்கோ. உள்ளுக்கு வச்சா டியூஷன் பிள்ளையள் காஸ் லீக் எண்டு சொல்லி ஓடிப் போயிடுங்கள்."

வாளி அன்றிரவு மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் தங்கியது. வாடகை கேட்கவில்லை, அந்த மட்டில் நல்லவர்.

சனிக்கிழமை மதியம் மட்டக்குளி பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். மாதா சுரூபங்களுக்கு முன்னால் பூமாலை, கோயிலில் உச்சிப் பூசை மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி எல்லாம் ஒரே வீதியில் நெருக்கியடிக்கும் இடம் அது. அன்ரன் வேலை முடித்து நேரே பாலத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஓட்டோ ஒன்றை மறித்தேன். மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, முந்நூறு ரூபாய். ஓட்டுநர் நாற்பது வயதுத் தமிழர். சிக்னலில் சிங்களத்தில் யாரையோ ஏசிவிட்டு என்னிடம் தமிழில் கனிவாகத் திரும்பினார்.

"பழைய பாலத்துக்கா அண்ணே? மீனுக்கா?"

"ஓம். நல்ல மீன் இருக்காமே?"

"இருக்கு. ஒவ்வொண்டும் இந்தத் தண்டி. ஆனா அந்தப் பாலத்து மீன் எங்கட வீட்ட எடுக்கிறல்ல."

"ஏன்?"

"எடுக்கிறல்ல," என்றார் மறுபடியும். அதற்குப் பிறகு அவர் வீதியை மட்டும் பார்த்து ஓட்டினார்.

பாலம் என்று சொன்னாலும் அது எதையும் கடப்பதில்லை. எந்தக் காலத்திலோ சரக்கு இறக்கக் கட்டிய சீமெந்துத் துறை, கடலுக்குள் நேராக நீண்டு சட்டென்று முடிந்துவிடுகிறது. தொழில் பழக்கத்தில் கண்ணால் அளந்தேன், நூற்றிருபது மீற்றர் வரும். தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. பங்குனி மாதம், மேற்குக் கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. ஏழெட்டுப் பேர் தூண்டிலோடு நின்றார்கள். எல்லோரும் கரைப் பக்கப் பாதியிலேயே நின்றார்கள். ஆழமான நுனிப் பக்கம் ஒருவரும் இல்லை. ஆழத்தை விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் தூண்டில் போடுகிற கொழும்பாரை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டு, வாளியோடு நுனிக்கு நடந்தேன். என்னைத் தாண்ட விட்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

நுனியில் கைப்பிடிக் குழாய் உடைந்து, ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் பக்கத்துத் தூணின் காலடியில் மெழுகுதிரி உருகி உறைந்து அடுக்கடுக்காகக் கிடந்தது. ஒரு நாளில் விழுந்த மெழுகு அல்ல. நான் எட்டிக் கீழே பார்த்தேன்.

மீன்கள் இருந்தன. அன்ரன் சொன்னதில் பொய்யில்லை. பாரை, ஓரா, கெளிறு, பெயர் தெரியாத இன்னும் சில. சாதாரணமாக ஒன்றோடொன்று சேராத இனங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது அவற்றின் முதுகுகளால்தான். முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. நிற்கிற மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். இவை நீரோட்டத்தைக் கவனிக்கவே இல்லை. எல்லாம் அந்த உடைந்த இடைவெளியைப் பார்த்து முகம் வைத்திருந்தன.

நான் இடைவெளியில் போய் நின்றேன். என் நிழல் தண்ணீரில் விழுந்தது. நிழல் விழுந்தால் மீன் சிதறி ஓடவேண்டும். அது குஞ்சு மீனுக்கும் தெரிந்த பாடம். இங்கே அவை ஓடவில்லை. நிழலுக்குள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, வாயை நீருக்கு மேல் நீட்டி, சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடின. பட்டப்பகலில், பின்னால் ஏழெட்டு மனிதர் நிற்க, எனக்குப் பயம் வந்தது. நேராகவே சொல்கிறேன், மீனைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

பயத்தை மறைக்க வேலையைத் தொடங்கினேன். தீன் பையைக் கட்டி இறக்கினேன். எண்ணெய் மெல்லப் படர்ந்து மின்னியது. கொக்கியில் பச்சை இறால் குத்தி நடுவே போட்டேன். தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண் என்பார்கள். எனக்கு அன்று தக்கையைப் பார்க்க முடியவில்லை. அந்த வாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பாரை இறாலிடம் வந்தது, மூக்கை வைத்தது, விலகிப் போனது. கெளிறு என்பது செருப்பைப் போட்டாலும் விழுங்குகிற சாதி. அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பையைச் சுற்றி ஒரு மீனும் இல்லை. வெயில் சாயும் வரை நின்றேன். பொறுமை போய், வாளியில் இருந்த அத்தனை தீனையும் கொட்டினேன். அது ஒன்றும் தொடப்படாமல் அவற்றின் முதுகுகளுக்கு நடுவே இறங்கிப் போனது.

அன்ரன் வந்து என் தோளைத் தொட்டபோது திடுக்கிட்டேன். வெள்ளைச் சட்டையோடு, அலுவலகப் பையோடு நின்றார். தூண்டில் கொண்டுவரவில்லை.

"கடிச்சுதா?" என்றார்.

"ஒண்டும் கடிக்கல்ல மச்சான். இதென்ன மீன்?"

அவர் கரைப் பக்கம் பார்த்தார். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து மாலை மணி காற்றில் துண்டு துண்டாக வந்தது. அதே நேரம், நின்றவர்கள் அத்தனை பேரும் தூண்டில்களைச் சுற்றி எடுத்தார்கள். கறுப்பு உடுப்பு உடுத்த ஒரு பெண் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். இடுப்பில் ஒரு பெரிய அலுமினியப் பேசின், அதன்மேல் வெள்ளைத் துணி. அவர் கடந்தபோது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"என்ர அக்கா. ஸ்டெல்லா," என்று அன்ரன் மெதுவாகச் சொன்னார். என்னைப் பின்னுக்கு இழுத்து இடம் விட்டார்.

அவர் எங்களைக் கவனிக்கவில்லை. உடைந்த இடைவெளியில் முழந்தாளிட்டு, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தித் தூணடியில் ஒட்டினார். துணியை விலக்கினார். பேசின் நிறையச் சோறு, அவித்த மரவள்ளி, பாண், பருப்பு. ஏழெட்டுப் பேர் வயிறாறச் சாப்பிடலாம். பிடி பிடியாக அள்ளிப் போட்டார், விருந்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறுகிற நிதானத்தில்.

"சாப்பிடுங்க. ஆறுதலாச் சாப்பிடுங்க. இன்னும் இருக்கு. வயிறு நிறையச் சாப்பிடுங்க."

இத்தனை மீன் ஒரே இடத்தில் தின்றால் தண்ணீர் கொந்தளிக்கும். இங்கே ஒரு சலசலப்பும் இல்லை. சோறு விழுந்தது, இல்லாமல் போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. கெட்டிக்காரனான எனக்குக் காரணம் விளங்கிவிட்டது அல்லவா?

"இதுதான் விசயம்," என்று அன்ரனின் காதில் சொன்னேன். "நாள்தோறும் இப்பிடிக் கொட்டினா எந்த மீன் கடிக்கும்? இதை எனக்கு ஃபோனிலயே சொல்லியிருக்கலாமே."

"மச்சான், கொஞ்சம் கேள்," என்றார் அவர். பிறகு சொன்னார்.

அக்காவின் கணவர் டொமினிக். போன வருடம் தென்மேல் காற்றுக் காலத்தில், வேண்டாம் என்று எல்லோரும் சொல்ல, இந்த நுனியில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார். ஓர் அலை குழாயையும் அவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. சுழியோடிகள் வந்தார்கள், படகுகள் வந்தன. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் கல்லறை இல்லை. நவம்பரில், இறந்த ஆன்மாக்களின் மாதத்தில் ஊரெல்லாம் சவக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போனபோது, அக்கா இந்தத் தூணுக்குக் கொண்டு வந்தார்.

"அவர் விழுந்த அடுத்த நாள் தொட்டுப் போடுறா. அண்டையில இருந்து எங்கட வீட்டில மீன் சமைக்கிறதில்ல. வயிறு நிறைஞ்ச மீன் மனிசனைத் தொடாதாம். மீனுக்குப் பசி வராமப் பாத்தா, அவர் முழுசா இருப்பாராம்."

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. மீனைக் கூட்டத் தெரிந்த எவனுக்கும் அது தோன்றும். அன்ரன் என் முகத்திலிருந்து அதைப் படித்துவிட்டார்.

"ஓம். எங்க எல்லாருக்கும் தெரியும். இந்தப் பாலத்தில நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லேல்ல. போன மாசம் ஒருத்தன் குடிச்சுப்போட்டு வந்து சொல்லிப்போட்டான். 'நீதான் தீன் போட்டு, கடல்ல கிடக்கிற மீன் எல்லாத்தையும் உன்ர மனிசன்ர தலைக்கு மேல கூட்டி வச்சிருக்கிறாய்' எண்டு. அண்டையில இருந்து அக்கா நித்திரை இல்ல. காணுற ஆக்கள் எல்லாரிட்டையும் கேக்கிறா. எங்களால முகத்தைப் பாத்துப் பதில் சொல்ல ஏலாமக் கிடக்கு. மட்டக்களப்பில ஒருத்தர் இருக்கிறார், மீனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்ல, அவர் சொன்னாச் சரி எண்டு நான் சொல்லியிருக்கிறன்."

"இதுக்காகவா என்னைக் கூப்பிட்ட நீ?"

"வேற ஆரைக் கூப்பிட மச்சான்?"

அவரை அடிக்கலாம்போல இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. ஸ்டெல்லா அக்கா வெறும் பேசினைத் துணியால் துடைத்துவிட்டு எழுந்து எங்களிடம் வந்தார். சிறிய முகம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"மட்டக்களப்புத் தம்பி நீங்கதானே? இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க." மரியாதையாகச் சிரித்தார். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டார். "தம்பி, நான் தீன் போடுறதால மீன் அவரைத் தொடாம இருக்குமா? இல்லாட்டி நானே எல்லாத்தையும் அவருக்கு மேல கூப்பிட்டு வச்சிருக்கிறனா?"

எனக்குத் தெரிந்த உண்மைகள் வாயில் வரிசை கட்டி நின்றன. தீன் மீனைக் கூட்டும் என்பது ஒன்று. தென்மேல் காற்றுக் காலத்து நீரோட்டம் விழுந்தவரை அன்றைக்கே வடக்கே கொண்டு போயிருக்கும், அவர் இங்கே இல்லவே இல்லை என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். இரண்டாவதைச் சொன்னால் அவரிடம் இருக்கிற ஒரே கல்லறையையும் பிடுங்கியவனாவேன். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே மீன்களும் அப்படித்தான் நின்றன.

தூண்டில் இன்னும் தண்ணீரில் கிடந்தது. அதைச் சுற்றி எடுத்தேன். கொக்கியில் இறால் அப்படியே இருந்தது. அதை அவருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"இதைப் பாருங்க அக்கா. பச்சை இறால். பின்னேரம் முழுக்க அதுகளுக்கு நடுவுலதான் கிடந்தது. என்ர வாளித் தீன் எல்லாத்தையும் கொட்டினன். இந்தத் தீனுக்கு வராத மீனை நான் இண்டை வரைக்கும் காணல்ல. ஒண்டும் வாய் வைக்கல்ல. வயிறு நிறைஞ்ச மீன் எதையும் தொடாது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் இறாலைக் கொக்கியிலிருந்து மெதுவாகக் கழற்றினார். மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடித்து, தலையிலிருந்து வால் வரை, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பல்லும் படேல்ல," என்றார்.

"படல்ல அக்கா."

அதைக் கைக்குட்டையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஆறுதல் வந்தது. நல்லதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் குனிந்து பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"அப்ப நான் ஒரு நாளும் விடக்கூடாது," என்றார். "பசி நாளைக்கும் வரும்தானே."

அன்ரன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஞாயிறு விடிய வெள்ளவத்தை அறையைக் காலி செய்து, வெறும் வாளியோடு கோட்டை நிலையத்துக்கு வந்தேன். மட்டக்களப்பு ரயில் மேடையில் நின்றது. அன்ரனும் அக்காவும் முதல் பூசைக்குப் போகும் உடுப்போடு எனக்காகக் காத்திருந்தார்கள். அக்காவின் கையில் வாழையிலையில் கட்டிப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பார்சல். இன்னும் சூடாக இருந்தது. வழிச் சாப்பாடு தந்து அனுப்புவது நம் ஆட்களுக்கு வழக்கம்தானே. நன்றி சொல்லி வாங்கினேன்.

"இது உங்களுக்கில்ல தம்பி," என்றார் அவர். குரலில் ஒரு கூச்சம். "உங்களுக்கு அன்ரன் பணிஸ் வாங்கி வச்சிருக்கிறான். இது உங்கட கடலுக்கு. ராத்திரி யோசிச்சன். தண்ணி ஓடிக்கொண்டுதானே இருக்கு? இங்க விழுந்தவர் இங்கயே இருப்பார் எண்டு என்ன நிச்சயம்? உங்கட பக்கத்து மீனும் பசியோட இருக்கக்கூடாது."

நான் சொல்லாமல் விழுங்கிய உண்மையை அவர் தானே கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்தும் நிறுத்தவில்லை. ரயில் ஊதியது. "ஓம் அக்கா," என்றேன்.

மடியில் அந்தப் பார்சலோடு அத்தனை தூரமும் வந்தேன். மாகோவில் சூடு ஆறியது. வெலிக்கந்தையில் புளித்த மணம் வந்தது. போகும்போது என் வாளிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனதுபோல, வரும்போது யாரும் எழுந்து போகவில்லை. சோற்று மணம் எல்லோருக்கும் பழக்கமானது.

நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லடிப் பாலத்துக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. எட்டிப் பார்த்ததும் என் நிழல் வாவியில் விழுந்தது. மீன்கள் பதறிச் சிதறி ஓடின. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இது என் ஊர், இவை பசியும் பயமும் உள்ள சாதாரண மீன்கள். பார்சலை அவிழ்த்துச் சோற்றைப் போட்டேன். கொடுத்த வாக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

முடியவில்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் மனைவியிடம் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போடச் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். தூண்டில் எடுத்துப் போவதை எப்போது விட்டேன் என்று சரியாக நினைவில்லை. போன கிழமை பாலத்தில் நின்றபோது என் நிழல் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் ஓடவில்லை. நிழலுக்குள் வந்தன.

அன்றைக்கு அன்ரனுக்கு ஃபோன் எடுத்து, இந்தப் பக்கத்து மீனும் வயிறு நிறைந்துதான் இருக்கிறது, அக்காவிடம் சொல் என்றேன். அவர் பக்கத்தில் யாரிடமோ சொன்னார்.

"மச்சான், அக்கா கேக்கிறா," என்றார் திரும்பி வந்து. "திருகோணமலையில தூண்டில் போடுற ஆரையும் உனக்குத் தெரியுமா எண்டு."

எனக்கு ஒருவரைத் தெரியும்.